கடையாணி இழுத்த கோடு

ஜவுளிக்கடையில் காடாத் துணியின் ஓரத்தைக் கத்தரியால் லேசாக வெட்டிவிட்டு, மீதியைக் கையாலேயே ‘டர்ர்ர்’ என்று கிழிப்பார்கள். அந்தச் சத்தம்தான். ஆனால் கிழிந்தது துணி இல்லை.

நான் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தேன். கண்ணை மூடினால் கார் கொஞ்சம் ஒடுங்கும் என்று அப்போது தோன்றியது.

அரை நிமிஷத்துக்கு முன்னால் நடந்தது இது. எங்கள் ஊர் இட்டேரியில், அதாவது இரண்டு பக்கமும் கிளுவை வேலி வைத்த வண்டித்தடத்தில், என் மாமனாரின் காரை ஓட்டிக்கொண்டு போனேன். எதிரில் பஞ்சு மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று வந்தது. வண்டிக்காரர் மரியாதையாகத்தான் கேட்டார்.

“ஏனுங்க, சித்த பின்னால எடுத்தீங்கன்னா நான் போயிருவனுங்க.”

“பின்னால எடுக்க வராதுங்க.”

“ஏனுங்க, வண்டி ரிப்பேருங்களா?”

“வண்டிக்கு வருமுங்க. எனக்குத்தான் வராது.”

அவர் தன் மாடுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “என்ர மாடே பின்னுக்குப் போகுமுங்களே,” என்றார். இளக்காரமில்லை. உண்மையான வருத்தம்.

நான் காரை இடது பக்க வேலிக்குள் முடிந்தமட்டும் ஒடித்து நிறுத்தினேன். வண்டி உரசிக்கொண்டு போயிற்று. சக்கரத்தின் கடையாணி என் பக்கக் கதவில் முன்னோரத்திலிருந்து பின்னோரம்வரை ஒரு கோடு இழுத்துவிட்டது. பெயிண்டைத் தாண்டி, அடிப்பூச்சையும் தாண்டி, வெறும் தகரம் வரைக்கும்.

வண்டிக்காரர் இறங்கிவந்து பார்த்தார். ஆறுதலாக எதையாவது சொல்ல வேண்டுமே என்று யோசித்து, “கோடு நல்லா நேரா உழுந்திருக்குதுங்க,” என்றார்.

பல்லடத்துக் கார்டு

போன வார இதழில் என் கல்யாணத்தில் வேட்டி அவிழ்ந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த பல்லடத்து வாசகர் ஒருவர், ‘வாழ்க்கையில் நீங்கள் உருப்படியாகச் செய்த காரியம் எதுவும் இல்லையா?’ என்று கார்டு போட்டிருக்கிறார்.

இருக்கிறது. நான் ஒரு காருக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடித்திருக்கிறேன். உருப்பட்டதா என்பதை அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

பின்னால் எடுக்கத் தெரியாமல் கார் ஓட்டுகிறவன் எப்படி இருக்க முடியும் என்று கேட்கலாம். நான் கார் பழகியது நொய்யல் ஆற்று மணலில். தண்ணீர் வராத மாதங்களில் அந்த ஆறு ஒரு பெரிய மைதானம். சொல்லிக்கொடுத்த லாரி டிரைவர் பீடி பற்றவைத்துக்கொண்டு மேட்டில் உட்கார்ந்துவிடுவார். நான் பாட்டுக்கு வட்டமடிப்பேன். திரும்ப வேண்டுமானால் இன்னும் பெரிய வட்டம். பின்னால் போக வேண்டிய அவசியம் அந்த ஆற்றில் யாருக்கும் ஏற்படவில்லை. மூன்றாம் நாள், “ரைட்டருக்கு எல்லாம் வந்துருச்சுங்க,” என்று அவர் சான்றிதழ் வழங்கிவிட்டார்.

ரைட்டர் என்றால் எழுத்தாளன் என்று நினைத்துவிட வேண்டாம். என் மாமனாரின் பனியன் கம்பெனியில் இங்கிலீஷ் கடிதங்கள் எழுதும் உத்தியோகம் அது. கம்பெனிக் காம்பவுண்டுக்குள்ளேயே மாமனார் வீடு. அதற்கு அடுத்தாற்போல் எங்களுக்கு ஒரு சின்ன வீடு. நடுவில் கார் நிற்கும் ஓட்டுக் கொட்டகை.

சாவி கைக்கு வந்த கதை

மாமனார் வருஷத்துக்கு இரண்டு தடவை சரக்கு விற்க கல்கத்தா போவார். போகும்போது கார் சாவி என் சட்டகரிடம் போகும். சட்டகர் என்றால் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். மற்ற ஊர்களில் சகலை என்பார்கள். சோமனூரில் இருபது தறி வைத்திருந்தார். மோட்டார் சைக்கிளை ஒரு கையால் ஓட்டிக்கொண்டு இன்னொரு கையால் கும்பிடு போடுவார். எனக்கு இரண்டு கையாலும் கும்பிடு போடத்தான் வரும்.

சாவி அவரிடம் இருக்கிற காலங்களில் கல்யாணம் காட்சி என்று குடும்பத்தோடு போனால், முன் சீட்டில் அவர். பின் சீட்டில், ஐந்து குழந்தைகளுக்கு நடுவில், மடியில் சீர்த்தட்டோடு நான். மூன்று வருஷத்தில் எத்தனை தேங்காயை மடியில் சுமந்திருப்பேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

அந்த வருஷம் என் மனைவி சரசு தன் அப்பாவிடம் நேராகவே கேட்டுவிட்டாள். “அவுருக்கும் மாப்ளைன்னுதானுங்கப்பா பேரு?”

மாமனார் கொஞ்ச நேரம் யோசித்தார். காரைக் கொட்டகைக்குள் பின்னாலேயே எடுத்து, மூக்கு வெளியே தெரிகிற மாதிரி நிறுத்தினார். சாவியை என் கையில் வைத்தார்.

“தெனமும் காலீல ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிசம் ஓட உடுங்க மாப்ள. வெளிய எடுக்கோணும்னு ஒண்ணுமில்லீங்க. வெள்ளிக்கெழமை வந்துருவன்.”

அது சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை நான் உத்தரவுப்படியே ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிஷம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். திங்கட்கிழமை ஒரு நூலகப் புத்தகத்துக்குத் தவணை முடிந்துவிட்டது. நூலகம் முக்கால் மைல். நடந்தே போகலாம். மூன்று வருஷம் நடந்துதான் போனேன். ஆனால் கார் மூக்கை நீட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றது. மெயின் ரோட்டில் போனால் சட்டகரின் சிநேகிதர்கள் பார்த்துவிடுவார்கள் என்று இட்டேரியில் இறங்கினேன்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். இட்டேரியின் மறுகோடிவரை போய்ச் சுற்றிக்கொண்டு கிழிந்த கதவோடு வந்து, அவசரத்தில் காரை மூக்கை முன்னால் விட்டுக் கொட்டகைக்குள் நுழைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமைக்கு மூன்று முழுநாள்தான் பாக்கி. மாமனார் கோட்டைப் பார்த்தால் திட்டமாட்டார். சாவியை வாங்கி சட்டகரிடம் கொடுப்பார். அப்புறம் ஆயுசு முழுக்கத் தேங்காய்.

தூசியில்லாத அறை

சரசு வந்து பார்த்தாள். கோட்டின்மேல் விரலை வைத்து, கதவின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்தாள்.

“புஸ்தகத்தக் குடுத்தாச்சுங்களா?”

“இல்லை. அதுக்குள்ளதான் இப்படி ஆயிடுச்சு.”

“அப்ப அதுக்கு அபராதம் வேறயாக்கு.”

சாயங்காலம் நடந்தே போய்ப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, வேறொன்று எடுத்துவந்தேன். வீட்டிலேயே எல்லா ரிப்பேரும் செய்துகொள்ளச் சொல்லித்தரும் இங்கிலீஷ் புத்தகம். ‘கார் பெயிண்டில் ஆழமான கீறல்கள்’ என்று அதில் தனி அத்தியாயமே இருந்தது. எழுதியவர் நிதானமான மனிதர். முதலில் கீறலை உப்புத்தாள் போட்டுத் தேய். விளிம்பெல்லாம் மழுங்கட்டும். பிறகு பட்டி வை. காய்ந்ததும் மறுபடி தேய். அடிப்பூச்சாக ரெட் ஆக்சைடு அடி. அப்புறம் கலர். இதையெல்லாம், ‘இளஞ்சூடான, தூசியில்லாத ஓர் அறையில்’ செய்ய வேண்டும்.

இளஞ்சூட்டுக்குத் திருப்பூரில் பஞ்சமில்லை. தூசிதான் பிரச்சினை. எங்கள் கொட்டகைக்கு அந்தப் பக்கச் சுவர், கட்டிங் அறையின் சுவர். பனியன் துணி வெட்டுகிற இடத்தில் காற்றே பஞ்சுதான். எங்கள் வீட்டில் ரசத்தில்கூட நூல் மிதக்கும்.

“வெய்யல்ல வெச்சுச் செய்யலாமுங்க,” என்றாள் சரசு. “வண்டிய வெளிய எடுங்க.”

கார் மூக்கை உள்ளே விட்டு நின்றது. வெளியே எடுப்பது என்றால் பின்னால் எடுப்பது.

சரசு என்னைப் பார்த்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். திரும்பிப் பின்கண்ணாடி வழியாக ஒரு தடவை பார்த்தாள். கார், பாலில் விழுந்த ஈயை எடுக்கிற மாதிரி, சுவரில் படாமல் வெளியே வந்து நின்றது.

“உனக்குக் கார் ஓட்டத் தெரியுமா?”

“ஓட்டத் தெரியுமான்னு தெரியலீங்க. இது தெரியும்.”

இதைப் பற்றி மேற்கொண்டு பேச எங்கள் இருவருக்குமே அப்போது நேரமில்லை.

செவ்வாய்க்கிழமை முழுக்கத் தேய்த்தேன். பட்டி வைத்தேன். சுண்ணாம்புத் தூளையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்து, சப்பாத்தி மாவு பதத்துக்குக் கொண்டுவந்து, பழைய சீட்டுக்கட்டின் ஒரு சீட்டால் இழைத்துவிட்டேன். அகத்தி மரத்துக் காக்கை ஒன்று நாள் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் தடவிப் பார்த்தால் பள்ளம் தெரியவில்லை. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. நான் கையால் செய்த ஒரு காரியம் சரியாக வந்தது அதுதான் முதல் தடவை.

காதர் பாயின் ஒரு படி

கார் வெளிர் பச்சை. பாசிப்பயறு முளைகட்டினால் நடுவில் ஒரு பச்சை தெரியுமே, அது. ஹார்டுவேர் கடையில் இருந்ததோ ஜன்னல் பச்சை, பஸ் நீலம், வெள்ளை, மஞ்சள். கலந்துதான் ஆக வேண்டும்.

கலர் என்றால் எங்களுக்குக் காதர் பாய். வீரபாண்டியில் சாயப்பட்டறை வைத்திருந்தார். சோமனூர்த் தறிக்கு நூலும், எங்கள் கம்பெனிக்குக் குழந்தைகள் பனியன் துணியும் சாயம் போட்டுக் கொடுப்பார். என் வயதுதான். கலர் விஷயத்தில் மட்டும் அவருக்குச் சந்தேகம் என்பதே வராது.

புதன்கிழமை காலை வந்தார். பானெட்டைத் துடைத்து, வெயிலில் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கொட்டாங்கச்சியில் பச்சை ஊற்றி, வெள்ளை ஊற்றி, மஞ்சளைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குச்சியால் கலக்கினார். கால் மணி நேரத்தில் அச்சாக அதே பச்சை வந்துவிட்டது.

“பாய், இதேதான். அப்படியே இருக்குது.”

“இருங்க ரைட்டரே. ஈரத்துல அப்படியே இருந்தா காஞ்சப்புறம் வெளுத்துப் போயிருமில்ல?” என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் ஜன்னல் பச்சையை ஊற்றினார். “காயறப்ப ஒரு படி எறங்கும். அதனால நாம ஒரு படி ஏத்தியே வெக்கணும். பதினெட்டு வருசமா இதேதான செய்யறேன்.”

எனக்கும் அது ரொம்ப நியாயமாகப் பட்டது. நனைந்த துணி அடர்த்தியாகத் தெரியும், காய்ந்தால் வெளிறும் என்பது திருப்பூரில் கைக்குழந்தைக்கும் தெரியும். பெயிண்ட் துணி இல்லை என்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. பின்னால் விசாரித்ததில் தெரிந்துகொண்டேன். எனாமல் பெயிண்ட் காயக் காய அடர்த்திதான் ஆகுமாம். புத்தகத்தில்கூட அடிக்குறிப்பாகப் போட்டிருந்தது. அடிக்குறிப்பு படிக்கிற பழக்கம் எனக்கு அதற்கப்புறம்தான் வந்தது.

கோட்டின்மேல் சாண் அகலத்துக்கு அடித்து முடித்தோம். பாய் ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பினார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் இந்தப் பக்கம் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

கதவு போர்த்திக்கொண்டது

சட்டகர். நான் வீட்டுக்குள் ஓடிவிட்டேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

சரசு ஓடவில்லை. கட்டிங் அறைக்குப் போகவிருந்த பனியன் துணிச் சுருள் ஒன்று வாசலில் கிடந்தது. அதை உருட்டிக் கதவின்மேல் போட்டுவிட்டு, முன்னால் போய் நின்றுகொண்டாள்.

“என்ன சரசு, காரு துணி போத்திட்டு நிக்குது?”

“கழுவி வெச்சிருக்கறாருங்க மாமா.”

“கழுவுனா தொடைப்பாங்க. போத்துவாங்களா?”

“அவுரு அப்படித்தானுங்க. புஸ்தகத்துல படிச்சிருக்கறாரு.”

நான் படித்திருக்கிறேன் என்று சொன்னால் எங்கள் குடும்பத்தில் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஜன்னல் இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டகர் தலையை ஆட்டினார்.

“சரி, சாவி பத்தரமா இருக்குதா?”

“இருக்குதுங்க.”

“எதுக்கும் வெள்ளிக்கெழமை நானும் வாறன். மாமாவக் கூட்டிட்டு வந்தாப்பலயும் ஆச்சு.”

அவர் போனபின் துணியை உரித்தோம். உரிக்கத்தான் வேண்டியிருந்தது. ஈரப் பெயிண்டில் பனியன் பின்னல் அப்படியே பதிந்திருந்தது. ஒவ்வொரு கண்ணியும் எண்ணிவிடலாம். அதற்குமேல் பஞ்சு, மூன்று நாள் தாடி மாதிரி. சாயங்காலம் காய்ந்ததும் பார்த்தால் பாய் சொன்ன ஒரு படி இறங்கவில்லை. இரண்டு படி ஏறியிருந்தது.

தப்பு செய்யாத கதவு

வியாழக்கிழமை காலை பாய் வந்து பார்த்தார். பிறகு சாயப்பட்டறை முடிவு ஒன்றைச் சொன்னார்.

“ஒரு முழம் திட்டாப் போச்சுன்னா, முழுத் துணியையும் முக்கிருவோம். ஒரே சீராப் போயிரும். கதவு முழுக்க இதே கலர் அடிச்சிரலாம்.”

பின்னலைத் தேய்த்து எடுத்தோம். கைப்பிடிக்குக் கீழே ஒரு இரண்டு விரற்கடைக்கு மட்டும் என்ன தேய்த்தும் போகவில்லை. ஜன்னல் கண்ணாடிக்கும் மற்ற இடங்களுக்கும் இதே பத்திரிகையின் பழைய இதழ்களைக் கிழித்து ஒட்டினோம். (ஆசிரியர் மன்னிக்க வேண்டும். அப்போது நான் இதில் எழுத ஆரம்பிக்கவில்லை.) மூட்டைப்பூச்சி மருந்து அடிக்கும் பம்பில் பெயிண்டை ஊற்றி பாய் அடித்தார். வீட்டில் ஒரு மாசத்துக்கு மூட்டைப்பூச்சியே இல்லை.

கதவு காய்ந்தது. தனியாகப் பார்த்தால் அருமையான கதவு. காரோடு சேர்த்துப் பார்த்தால், வேறொரு காரிலிருந்து கழற்றி மாட்டியது போலிருந்தது.

மூன்று பேரும் நின்று பார்த்தோம். சரசுதான் சொன்னாள். “ஒரு கை மட்டும் கலர் மாறுன பனியன் வந்தா கம்பெனில என்ன பண்ணுவீங்க?”

“இன்னொரு கையையும் மாத்தி டிசைன்னு சொல்லி வித்துருவோம்,” என்றேன் நான். சொன்ன பிறகுதான் எனக்கே புரிந்தது.

இடது பக்கக் கதவு எந்தத் தப்பும் செய்யவில்லை. அதன்மேல் ஒரு கீறல் கிடையாது. வேலி முள்ளுகூட அதைப் பாவம் என்று விட்டுவிட்டிருந்தது. மூன்று மணிக்குள் அதற்கும் கரும்பச்சை அடித்து முடித்தோம். சாயங்காலம் சரசு காரைப் பின்னாலேயே எடுத்து, தன் அப்பா நிறுத்தியிருந்தபடியே மூக்கு வெளியே தெரியக் கொட்டகையில் நிறுத்தினாள். தடயம் எதையும் விட்டுவைக்கவில்லை என்று எங்களுக்குத் திருப்தி.

வெள்ளிக்கிழமை

மாமனார் ஜட்காவில் வந்து இறங்கினார். பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் சட்டகர். மாமனார் முகம் கழுவி, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, நேராகக் கொட்டகைக்கு வந்தார். இரண்டு கதவையும் பார்த்தார்.

“டிசைனுங்க மாமா,” என்றேன். முந்தின நாளிலிருந்து பாடம் பண்ணிய வாக்கியம் அது.

“வெளிச்சத்துக்குக் கொண்டாங்க மாப்ள.”

சரக்கு எடுக்கிறவர்கள் சொல்லுகிற வார்த்தை. முன்னால் எடுப்பதுதானே, கம்பீரமாகவே எடுத்துவந்து வெயிலில் நிறுத்தினேன். அவர் குனிந்து பார்த்தார்.

“காதர் பாயுங்களா?”

“எப்படிங்க மாமா தெரியும்?”

“எப்பவுமே ஒரு படி தூக்கலாத்தான் போடுவாரு. பதினெட்டு வருசமாச் சொல்றன், கேக்கறதில்ல.” கைப்பிடிக்குக் கீழே அவர் கட்டைவிரல் நின்றது. திரும்பி வந்து மறுபடி அங்கேயே நின்றது. “இதென்னுங்க மாப்ள, கதவுக்குப் பனியன் போட்டுட்டீங்களா?”

சட்டகர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் நடந்ததைச் சொன்னேன். இட்டேரி, வண்டி, கடையாணி, எல்லாம். மாட்டைப் பற்றி வண்டிக்காரர் சொன்னதை மட்டும் விட்டுவிட்டேன்.

மாமனார் கையை நீட்டினார். சாவியை வைத்தேன். சட்டகர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு அடி முன்னால் வந்தார்.

மாமனார் சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை. கொட்டகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நான் போறப்ப மூக்கு வெளிய இருந்துது. இப்ப வந்து பாத்தப்பவும் மூக்கு வெளிய இருந்துது. நடுவுல வண்டி வெளிய போயிட்டு வந்திருக்குது. பின்னால எடுத்து நிறுத்துனது ஆரு?”

“நானில்லீங்க மாமா,” என்றார் சட்டகர்.

“எனக்கு வராதுங்க மாமா,” என்றேன் நான்.

“அது தெரியுமுங்க. அதுக்குத்தான அப்படி நிறுத்திட்டுப் போனன். ஒருவேள எடுத்தீங்கன்னாலும் முன்னால போயிட்டு முன்னால வந்துருவீங்கன்னு.”

காப்பி டம்ளரோடு வந்த சரசு, அதை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள். “நாந்தானுங்கப்பா.”

“நீ எங்க கத்துக்கிட்ட?”

“உங்க பக்கத்துல உக்காந்துதான். பின்னால எடுக்கறப்பெல்லாம் நீங்க சொவுத்தத் திட்டிக்கிட்டே எடுப்பீங்க. நான் திட்டறத மட்டும் உட்டுட்டு மத்ததச் செஞ்சனுங்க.”

மாமனார் காப்பியை ஆற்றினார். ஒரு வாய் குடித்தார். “எங்க, இன்னொருக்கா எடு பாப்பம்.”

சரசு ஏறினாள். கட்டிங் அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். கார் மெதுவாகப் பின்வாங்கிக் கொட்டகைக்குள் போய் நின்றது. இந்தப் பக்கச் சுவருக்கும் அந்தப் பக்கச் சுவருக்கும் ஒரே இடைவெளி. மாமனார் நடந்து போய், அளக்கிற மாதிரி இரண்டு பக்கமும் கையை விட்டுப் பார்த்தார். பிறகு சாவியை ஜன்னல் வழியாக அவளிடம் நீட்டினார்.

“இந்தா கண்ணு. பின்னால எடுக்கத் தெரிஞ்சவங்க கைல இருக்கட்டும்.”

ஆக, சாவி சட்டகரிடம் போகவில்லை. எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கியது. நான் சட்டை மாட்டும் ஆணியில் இல்லை, அவ்வளவுதான். அடுத்த முகூர்த்தத்தில் சரசு ஓட்டினாள். பின் சீட்டில் ஐந்து குழந்தைகளுக்கு நடுவே சீர்த்தட்டோடு சட்டகர் உட்கார்ந்து வந்தார். திரும்பிப் பார்த்து இரண்டு கையாலும் ஒரு கும்பிடு போட்டேன். தட்டு இருந்ததால் அவரால் திருப்பிப் போட முடியவில்லை.

எனக்கு முன் சீட், இடது பக்கம். ஜன்னலில் கையைத் தொங்கவிட்டால் அந்தத் தப்பு செய்யாத கதவு கைக்குத் தட்டுப்படும். பெயிண்டுக்கு அடியில் ஒரு நூல் பிசிறு மாட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் அதை நெருடிக்கொண்டே மடியில் நூலகப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வேன்.

இட்டேரியில் எதிரே மாட்டுவண்டி வந்தால் சரசு பின்னால் எடுப்பாள். நான் அடிக்குறிப்பைப் படித்துக்கொண்டிருப்பேன்.